கவலையை ஆண்டவரிடம் விடுங்க, மாத்திரையை விட்டுடாதீங்க

1/
"கவலைப்படாதீங்க."

ஒரு நாளைக்கு எத்தனை தடவை இதைச் சொல்றேன்னு எனக்கே கணக்கு இல்லை. நீங்களும் யாருக்காவது சொல்லியிருப்பீங்க. அப்படிச் சொன்ன உடனே கவலையை நிறுத்திய ஒருத்தரையாவது பார்த்திருக்கீங்களா? நான் பார்த்ததில்லை.

கிறிஸ்தவ விசுவாசத்தால் கவலையை விடுவது என்றால் உண்மையில் என்ன, எது இல்லை என்பதைப் பற்றி ஒரு டாக்டராக எனக்குத் தோன்றுவதை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளமான த்ரெட். நேரம் இருக்கும்போது பொறுமையா படிங்க.

2/
நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் பொதுநல மருத்துவம் பார்க்கிறேன். எங்க பேட்டையைத் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: ஒரு பக்கம் லீ பஜார், பருப்பும் வெல்லமும் மளிகையும் மொத்த வியாபாரம். இன்னொரு பக்கம் சந்துக்குச் சந்து வெள்ளிக் கொலுசுப் பட்டறை.

வெள்ளி விலை ஏறினால் ஆர்டர் குறையுமேன்னு பட்டறைக்காரருக்குக் கவலை. இறங்கினால், வாங்கி வைத்த வெள்ளி நஷ்டமாகுமேன்னு கவலை. மூட்டை தூக்குறவருக்கு இடுப்பு பிடிச்சா நாளைக்குக் கூலி போச்சு. குழுக் கடன் வாங்கிய அம்மாவுக்குத் தவணை நாள் வந்தாலே தூக்கம் வராது.

இதெல்லாம் என்கிட்ட "கவலை" என்ற பெயரில் வருவதில்லை. நெஞ்சு படபடப்பு, வயிற்று எரிச்சல், பின்னங்கழுத்து வலி, விடிய விடிய தூக்கமின்மை என்ற பெயர்களில்தான் வரும்.

3/
இப்படி வருகிறவர்களில் கிறிஸ்தவர்கள் சொல்லும் இரண்டு வார்த்தைகள் என்னை ரொம்ப நாளாக யோசிக்க வைத்திருக்கின்றன.

ஒன்று: "எல்லாத்தையும் கர்த்தர் கையில கொடுத்துட்டேன் டாக்டர். அதனால மாத்திரையை நிறுத்திட்டேன்."

இரண்டு: "தினமும் ஜெபம் பண்றேன் சார். ஆனாலும் படபடப்பு போகல. எனக்கு விசுவாசம் பத்தலைன்னு வீட்ல சொல்றாங்க."

முதலாமவர் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே சொல்வார். இரண்டாமவர் தலையைக் குனிந்துகொண்டு சொல்வார். ஆனால் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் வழி தவறுகிறார்கள் என்பது என் கருத்து.

4/
எந்த இடம்?

கவலையை விடுவது என்றால், முடிவை ஆண்டவரிடம் ஒப்படைப்பது. இன்றைய வேலையை ஒப்படைப்பது அல்ல. அது ஒண்ணு.

கவலையை விட்டதற்கு அடையாளம் நெஞ்சு அமைதியாக இருப்பதும் அல்ல. நாளை காலையில் எழுந்து, செய்ய வேண்டியதைச் செய்வதுதான் அடையாளம். இது ரெண்டாவது.

முதல் நபர் முடிவோடு சேர்த்து வேலையையும் ஒப்படைத்துவிட்டார். இரண்டாம் நபர், படபடப்பு இருப்பதால் தான் எதையும் ஒப்படைக்கவே இல்லை என்று நினைத்துக்கொள்கிறார். இதைத்தான் கீழே விளக்கப்போகிறேன்.

5/
முதலில் மருத்துவம்.

ஆபத்து வந்தால் உடம்பு அட்ரினலினைச் சுரக்கும். இதயம் வேகமாகத் துடிக்கும், தசை இறுகும், மூச்சு வேகமாகும், செரிமானம் மந்தமாகும். நாய் துரத்தினால் ஓடுவதற்கு இது தேவை. ஓடி முடித்ததும் அடங்கிவிடும்.

ஆனால் அடுத்த மாதத் தவணை நம்மை விட்டு ஓடிப்போகாது, நாமும் அதை விட்டு ஓட முடியாது. அதனால் உடம்பு அதே நிலையில் மணிக்கணக்கில் நிற்கிறது. கார்ட்டிசால் என்ற இன்னொரு ஹார்மோனும் கூடுகிறது. சர்க்கரை ஏறும், பிரஷர் ஏறும், தூக்கம் கெடும். தூக்கம் கெட்டால் மறுநாள் கவலை இன்னும் சுலபமாக வரும். சக்கரம் மாதிரி சுற்றிக்கொண்டே இருக்கும்.

6/
யோசிப்பது வேறு, கவலைப்படுவது வேறு.

"தவணைக்கு 2,000 ரூபாய் குறையுது, யாரிடம் கேட்கலாம்?" இது யோசனை. இதற்கு முடிவு உண்டு. பத்து நிமிஷத்தில் ஒரு பதில் வரும், அல்லது பதில் இல்லை என்று தெரியும்.

"கட்ட முடியலைன்னா என்ன ஆகும், ஊர்ல என்ன சொல்வாங்க, பொண்ணுக்கு யார் வருவாங்க..." இது கவலை. இதற்கு முடிவே கிடையாது. ஒரே தூரத்தைச் செக்குமாடு போலச் சுற்றி வரும். எண்ணெயும் வராது.

கவலைப்படுகிறவருக்குத் தான் ஏதோ வேலை செய்துகொண்டிருப்பது போலவே இருக்கும். அதனால்தான் விடுவது கஷ்டம். விட்டால் பொறுப்பில்லாதவன் ஆகிவிடுவோமோ என்ற பயம் வருகிறது.

7/
இப்போது வேதத்துக்கு வருவோம். நானும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகிறவன்தான், அந்த உரிமையில் சொல்கிறேன்.

கவலையைப் பற்றி இயேசு அதிகம் பேசியது மத்தேயு 6ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியில். சாப்பாடு, துணி, நாளைய தினம், இந்த மூன்றையும் பற்றிக் கவலைப்பட வேண்டாம் என்கிறார். யாரிடம்? ரோமருக்கு வரி கட்டிக்கொண்டிருந்த கலிலேயா பக்கத்து மீனவர்களிடமும் விவசாயிகளிடமும். நிரந்தர வருமானம் உள்ளவர்களிடம் சொன்ன ஆறுதல் இல்லை இது. அன்றன்றைக்கு உழைத்துச் சாப்பிடுகிறவர்களிடம் சொன்னது.

அந்தப் பகுதி எப்படி முடிகிறது என்று பாருங்கள். நாளைக்குக் கஷ்டமே வராது என்று அவர் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளுக்கும் அதனதன் கஷ்டம் இருக்கிறது, அதுவே போதும் என்கிறார். அதாவது, இன்றைய மூட்டையை இன்று தூக்கு, நாளைய மூட்டையையும் சேர்த்து இன்றே முதுகில் ஏற்றிக்கொள்ளாதே. லீ பஜாரில் மூட்டை தூக்கும் அண்ணன்மார்களுக்கு இதை நான் விளக்க வேண்டிய அவசியமே இல்லை.

8/
அதே அதிகாரத்தில் கொஞ்சம் முன்னாடிதான் பரமண்டல ஜெபம் இருக்கிறது. அதில் எத்தனை நாளுக்கான உணவைக் கேட்கிறோம்? ஒரு மாதத்துக்கா? இல்லை. அன்றைய நாளுக்கு மட்டும். சின்ன வயதிலிருந்து மனப்பாடமாகச் சொல்கிறோம், இந்த அளவை மட்டும் கவனிப்பதில்லை.

9/
"பறவைகள் விதைக்கிறதா, அறுக்கிறதா? நாம ஏன் கஷ்டப்படணும்?" என்று இதே பகுதியைக் காட்டிச் சிலர் கேட்பார்கள்.

காலையில் லீ பஜார் பக்கம் வந்து பாருங்க. மூட்டையிலிருந்து சிந்திய தானியத்தைக் குருவியும் புறாவும் கொத்திக்கொண்டிருக்கும். அதுங்க விதைக்கலை, உண்மைதான். ஆனால் விடிந்ததும் கூட்டை விட்டுக் கிளம்பி வந்திருக்கின்றன. கூட்டிலேயே உட்கார்ந்து வாயைத் திறந்து காத்திருந்த குருவி ஒன்றையும் நான் அங்கே பார்த்ததில்லை.

பறவை கவலைப்படவில்லை, ஆனால் தன் வேலையை விடவும் இல்லை. அந்த உவமைக்குள் இந்த இரண்டுமே இருக்கின்றன.

10/
"சொல்றதுக்கு நல்லாத்தான் இருக்கு. நிஜத்துல யாராவது அப்படி வாழ்ந்திருக்காங்களா?" என்று கேட்பீங்க. நியாயமான கேள்வி. பதில் நம்ம பக்கத்திலேயே இருக்கிறது. நாமக்கல் மாவட்டம், கொல்லிமலை.

இன்றைக்கு 70 கொண்டை ஊசி வளைவு ஏறி, ஆகாய கங்கை அருவியில் குளித்துவிட்டு, அன்னாசிப் பழத்தோடு சாயங்காலம் இறங்கிவிடுகிறோம். நூறு வருஷத்துக்கு முன்னால் அந்த மலையில் ராத்திரி தங்கவே சமவெளி ஆட்கள் பயந்தார்கள். காரணம் மலைக் காய்ச்சல், அதாவது மலேரியா.

11/
1913இல் ஜெஸ்ஸி பிராண்ட் என்பவரும் எவலின் என்பவரும் திருமணம் செய்துகொண்டு அந்த மலையில் குடியேறினார்கள். ஆங்கிலேய மிஷனரிகள். ஜெஸ்ஸி கட்டடத் தொழில் தெரிந்தவர், கொஞ்சம் மருத்துவப் பயிற்சியும் பெற்றவர். எவலின் லண்டனில் வசதியான குடும்பத்தில் பிறந்தவர்.

காய்ச்சலுக்கு மருந்து கொடுத்தார்கள், புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள், பல் பிடுங்கினார்கள். பள்ளி நடத்தினார்கள். நரம்புச் சிலந்தி என்ற புழு நோய் அப்போது மலையில் அதிகம். குடிக்கும் தண்ணீரில் கால் வைத்து இறங்குவதால்தான் அது பரவுகிறது என்று சொல்லிக் கொடுத்து, கிணற்றுக்குச் சுவர் கட்ட வைத்தார்கள். (இந்தியாவில் அந்த நோய் முழுவதுமாக ஒழிந்தது என்று உலக சுகாதார நிறுவனம் சான்று கொடுத்தது 2000ஆம் ஆண்டில்தான்.)

12/
1923இல் பிள்ளைகள் இரண்டு பேரையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டார்கள். மூத்தவன் பாலுக்கு அப்போது 9 வயது.

1929 ஜூனில் ஜெஸ்ஸி இறந்துபோனார். மலேரியா முற்றி ரத்த அணுக்கள் உடைந்து, சிறுநீர் கறுத்துப்போகும் கருநீர்க் காய்ச்சல். அவர் ஆண்டவரை நம்பியவர். கவலைகளை ஒப்படைத்தவர். இருந்தும் மலேரியா அவரை விடவில்லை.

இதைத் தெரிந்தே சொல்கிறேன். "விசுவாசம் இருந்தா ஒண்ணும் ஆகாது" என்று மேடையில் சொல்பவர்களுக்குக் கொல்லிமலையில் ஒரு கல்லறை பதில் வைத்திருக்கிறது. விசுவாசம் கொசுவலை அல்ல. அது அப்படி ஒரு வாக்குறுதியைக் கொடுத்ததும் இல்லை.

13/
எவலினுக்கு அப்போது 50 வயது. கணவர் போய்விட்டார், பிள்ளைகள் கடல் தாண்டி. இந்த நிலையில் யாராக இருந்தாலும் ஊருக்குத் திரும்பியிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

அவர் இந்தியாவை விடவில்லை. பிற்காலத்தில் வயதாகிவிட்டது என்று மிஷன் அவருக்கு ஓய்வு கொடுத்தது. ஓய்வு பெற்றதும், வயதான அந்த அம்மா தன் சொந்தப் பொறுப்பில் மறுபடியும் மலை ஏறினார். மட்டக்குதிரையில் கிராமம் கிராமமாகப் போனார்.

75 வயதில் விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. ராத்திரி முழுக்கத் தரையில் கிடந்தார். காலையில்தான் ஆள் பார்த்து, கயிற்றுக் கட்டிலில் வைத்து மலையிலிருந்து இறக்கினார்கள். குணமானபின் இரண்டு மூங்கில் தடியை ஊன்றிக்கொண்டு மீண்டும் வேலைக்குப் போனார்.

14/
மகன் பால் அதற்குள் வேலூர் சிஎம்சியில் பெரிய சர்ஜன். "அம்மா, போதும், ஓய்வெடுங்க" என்று பேசிப் பார்த்தார். நான் இல்லாவிட்டால் இந்த ஜனங்களுக்கு யார் கட்டுப் போடுவார்கள், தேவைப்படும் இடத்தில் பயன்படாத உடம்பைப் பத்திரப்படுத்தி என்ன பயன் என்பதுதான் அம்மாவின் பதில்.

1974இல் 95 வயதில் இறந்தார். வாழவந்தியில் கணவர் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள். கிரானி பிராண்ட் என்று இன்றும் பேசப்படுகிறார்.

ஒரு டாக்டராகப் பார்த்தால், எலும்பு முறிந்த 75 வயது அம்மா தனியாக மலையில் இருப்பது சரி என்று நான் சொல்ல மாட்டேன். நீங்களும் அதைப் பின்பற்ற வேண்டாம். நான் காட்ட விரும்புவது வேறு. தனக்கு என்ன ஆகும் என்ற கேள்வியை அவர் ஆண்டவரிடம் விட்டார். கிணற்றுச் சுவரையும் புண்ணுக்குக் கட்டையும் தன்னிடமே வைத்துக்கொண்டார். நான் முதலில் சொன்ன இரண்டு பேருக்கும் தேவைப்படுவது இந்தப் பிரிவினைதான்.

15/
மகன் பால் பிராண்ட் கதை இன்னும் முக்கியம், ஏனென்றால் அதில் கவலையே இருக்கிறது.

தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாரை இடம் மாற்றித் தைத்து மறுபடி இயங்க வைத்தவர் அவர். தொழுநோயாளிகளின் விரல்கள் தானாக அழுகி விழுவதில்லை, வலி தெரியாததால் அடிபட்டும் சுட்டும் தேய்கின்றன என்று உலகத்துக்குக் காட்டியவர். ஆழமான விசுவாசி.

1953இல் அமெரிக்கப் பயணம் முடித்து லண்டனுக்கு வந்த ராத்திரி, காலுறையைக் கழற்றும்போது குதிகாலில் உணர்ச்சி இல்லாததைக் கவனித்தார். ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. தொழுநோய் தனக்கும் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டார்.

16/
அன்று ராத்திரி அவர் தூங்கவில்லை. மனைவி, பிள்ளைகளை விட்டு விலகி வாழ வேண்டுமா, வேலை என்ன ஆகும், தன்னை நம்பி வந்த ஊழியர்கள் பயந்து ஓடுவார்களா என்று விடிய விடிய மனதில் ஓட்டிப் பார்த்தார். நீங்களும் நானும் செய்வது போலவே.

காலையில் எழுந்து மறுபடி ஊசியால் குத்தினார். வலியில் கத்திவிட்டார். நீண்ட ரயில் பயணத்தில் ஒரே மாதிரி உட்கார்ந்ததில் நரம்பு அழுந்தி மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். வலித்ததற்காக ஆண்டவருக்கு நன்றி சொன்னார். இதையெல்லாம் பின்னாளில் அவரே எழுதி வைத்தார்.

கிரானி பிராண்டின் மகனுக்கே, தொழுநோய் நிபுணருக்கே, ஜெபிக்கத் தெரிந்தவருக்கே ஒரு ராத்திரி முழுக்கக் கவலை வந்திருக்கிறது. அதனால் அவர் விசுவாசம் பொய்யாகிவிட்டதா? இல்லை. விடிந்ததும் ஊசியைக் கையில் எடுத்தார் பாருங்க, அதைத்தான் நான் "வேலை" என்கிறேன். இரவு முழுக்க யோசித்துத் தீராதது, ஒரு பரிசோதனையில் தீர்ந்தது.

17/
இப்போது அந்த இரண்டாம் நபருக்கு, "எனக்கு விசுவாசம் பத்தலையா சார்?" என்று தலை குனிந்தவருக்கு என் பதில்.

அம்மா, கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே வியாகுலப்பட்டார் என்று சுவிசேஷம் சொல்கிறது. கவலைப்படாதீர்கள் என்று பிலிப்பியருக்குச் சிறையிலிருந்து எழுதிய பவுலே, கொரிந்தியருக்கு எழுதும்போது சபைகளைப் பற்றிய பாரம் தினமும் தன்னை அழுத்துகிறது என்கிறார். அவர்களுக்கு இல்லாத தகுதித் தேர்வை உங்களுக்கு மட்டும் யார் வைத்தது?

எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே படுத்துக்கொண்டு சாக வேண்டும் என்று கேட்டபோது, வந்த தூதன் முதலில் பிரசங்கம் பண்ணவில்லை. தூங்க விட்டார். எழுப்பி அடையும் தண்ணீரும் கொடுத்தார். மறுபடி தூங்க விட்டார். இன்றைக்கு ஒரு மனநல மருத்துவரிடம் போனாலும் முதலில் தூக்கத்தையும் சாப்பாட்டையும்தான் விசாரிப்பார்.

18/
சில நேரம் அது வெறும் கவலையாகவும் இருக்காது, நோயாக இருக்கும்.

ஆறு மாதத்துக்கு மேலாக, பெரும்பாலான நாட்களில், அடக்க முடியாத கவலை. கூடவே களைப்பு, எரிச்சல், தசை இறுக்கம், கவனமின்மை, தூக்கக் கோளாறு. இப்படி இருந்தால் அதற்குப் பதற்ற நோய் என்று பெயர். சர்க்கரை நோய் மாதிரி இதுவும் ஒரு நோய். சர்க்கரை வந்தவரை "விசுவாசம் குறைவு" என்று சொல்வீங்களா?

முதலில் தைராய்டு, ரத்தசோகை, இதயத் துடிப்புக் கோளாறு இல்லையா என்று பார்ப்போம். எத்தனை டீ, காபி என்று கேட்போம். இவையும் படபடப்பைக் கொடுக்கும். பிறகு பேச்சு வழிச் சிகிச்சை இருக்கிறது, மாத்திரையும் இருக்கிறது. எஸ்சிட்டலோபிராம் மாதிரி மாத்திரைகள் வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சில சமயம் அதற்கு மேலும் ஆகும். அதற்கு அடிமையாகிவிட மாட்டீங்க. ஆனால் திடீரென்று நிறுத்தக்கூடாது. அல்பிரசோலம் மாதிரி "உடனே தூங்க வைக்கிற" மாத்திரைதான் பழக்கமாகும். அதைச் சீட்டு இல்லாமல் கடையில் வாங்கவே வாங்காதீங்க.

19/
போதகர்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் ஒரு தாழ்மையான வேண்டுகோள்.

அமெரிக்காவில் கென்னத் பர்கமென்ட் என்ற உளவியலாளர் குழு, மருத்துவமனையில் சேர்ந்த 55 வயதுக்கு மேற்பட்ட கிட்டத்தட்ட 600 நோயாளிகளை இரண்டு வருஷம் கவனித்து 2001இல் ஒரு ஆய்வு வெளியிட்டது. கடவுள் என்னைக் கைவிட்டுவிட்டார், என்மேல் அன்பு இல்லாமல் போய்விட்டார் என்று உள்ளுக்குள் போராடியவர்கள் இறப்பதற்கான வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது.

ஒரு ஆய்வை வைத்து எல்லாவற்றையும் தீர்மானிக்க முடியாது. ஆனால் நீங்கள் சாதாரணமாகச் சொல்லும் "விசுவாசம் பத்தலை", "இது பாவத்துக்கு வந்த தண்டனை" போன்ற வார்த்தைகள் நோயாளியின் மனதில் விழும் இடம் இதுதான். ஆறுதல் தேடி வந்தவரிடம் இருக்கிற ஆறுதலையும் பிடுங்கிவிடாதீங்க. "ஜெபிக்கிறேன்ம்மா, நாளைக்கு டாக்டர்கிட்ட நானும் கூட வரேன்" என்று சொல்லுங்க.

20/
இனி முதல் நபருக்கு, "கர்த்தர் கையில கொடுத்துட்டேன், மாத்திரையை நிறுத்திட்டேன்" என்பவருக்கு.

ஐயா, பிரஷர் 180 இருக்கும்போதும் உங்களுக்கு ஒன்றும் தெரியாது. நன்றாகவே இருப்பீங்க. சர்க்கரை 300 இருந்தாலும் பல பேருக்கு வலி கிடையாது. மாத்திரையை நிறுத்திய வாரம் ஒன்றும் ஆகவில்லை என்பது சாட்சி ஆகாது. ரத்தக்குழாய்க்குள் நடப்பது மூளையிலோ சிறுநீரகத்திலோ தெரிய வரும்போது தாமதமாகிவிடும். இன்சுலினை மட்டுமே நம்பி இருக்கும் டைப் 1 பிள்ளைக்கு இன்சுலினை நிறுத்தினால், ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து.

எசேக்கியா ராஜா சாகக் கிடந்து அழுது ஜெபித்தார். ஜெபம் கேட்கப்பட்டது, 15 வருஷம் ஆயுள் கூட்டப்பட்டது. அந்த வாக்கு வந்த பிறகும் ஏசாயா என்ன செய்தார்? அத்திப்பழ அடையைக் கொண்டுவந்து கட்டியின்மேல் போடச் சொன்னார். வாக்கே வந்துவிட்டது, அப்புறம் மருந்து எதற்கு என்று அங்கே யாரும் கேட்கவில்லை. பவுலோடு கூடப் போன லூக்காவும் ஒரு வைத்தியர்தான்.

21/
சரி, நடைமுறையில் என்ன செய்வது? நான் நோயாளிகளுக்குச் சொல்வது:

ஒரு பழைய நோட்டு எடுங்க. பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடது பக்கம் "நான் செய்ய வேண்டியது". வலது பக்கம் "ஆண்டவர் பார்த்துக்க வேண்டியது".

"பையனுக்குப் பரீட்சை" என்று பொதுவாக எழுதாதீங்க. பிரிங்க. காலையில் சாப்பிட வைத்து நேரத்துக்கு அனுப்புவது இடது. கேள்வித்தாள், மார்க், சீட்டு எல்லாம் வலது.

"ஸ்கேன் ரிப்போர்ட்." சொன்ன தேதியில் போய் எடுப்பது, ரிப்போர்ட்டை டாக்டரிடம் காட்டுவது இடது. அதில் என்ன இருக்கும் என்பது வலது.

"கடன்." சீட்டுக்காரரிடம் நேரில் போய் அவகாசம் கேட்பது இடது. அவர் மனசு இளகுவது வலது.

22/
இதற்கு ஒரு நேரம் வையுங்க. சாயங்காலம் இருபது அல்லது முப்பது நிமிஷம், தினமும் ஒரே நேரம், ஒரே இடம். படுக்கையில் வேண்டாம். பகலில் கவலை வந்தால் "ஏழு மணிக்குப் பார்க்கலாம்" என்று சொல்லி ஒரு வார்த்தை மட்டும் குறித்துவிட்டு வேலையைப் பாருங்க.

போர்கோவெக் என்ற உளவியலாளர் குழு 1983இலேயே இதைச் சோதித்துப் பார்த்தது. கவலைக்கு நேரம் ஒதுக்கியவர்களுக்குக் கவலை குறைந்தது. நம்ம வீடுகளில் குடும்ப ஜெபத்துக்கு ஏற்கெனவே ஒரு நேரம் இருக்கிறது. அதையே பயன்படுத்துங்க.

வலது பக்கத்தைப் பெயர் சொல்லி, ஒவ்வொன்றாக, ஜெபத்தில் கொடுங்க. "என் கஷ்டமெல்லாம்" என்று மொத்தமாகக் கொடுப்பதைவிட இது நல்லது. பிறகு அன்று நடந்த ஒரு நல்ல விஷயத்துக்கு நன்றி. நோட்டை மூடுங்க. மறுநாள் காலையில் இடது பக்கத்தில் ஒன்றே ஒன்றை முடியுங்க.

கொடுத்ததை ராத்திரி இரண்டு மணிக்குத் திரும்ப வாங்கிக்கொள்வீங்க. எல்லோரும் வாங்குவோம். மறுநாள் சாயங்காலம் மறுபடி கொடுங்க. தினசரி ஆகாரத்தைத் தினமும் கேட்பது போல இதையும் தினமும்தான் செய்ய வேண்டும்.

23/
சபையாருக்கு ஒன்று. பக்கத்து வீட்டுக்காரரின் வலது பக்கம் சில நேரம் உங்கள் இடது பக்கமாக இருக்கும். "ஆண்டவரே, டயாலிசிஸுக்குப் போக வழி காட்டும்" என்று அவர் ஜெபிக்கும்போது, உங்கள் வீட்டு வாசலில் பைக் நிற்கிறது. அரிசி தீர்ந்த வீட்டுக்கு வசனம் மட்டும் அனுப்பாதீங்க, அரிசியும் அனுப்புங்க. ஜெஸ்ஸி பிராண்ட் கிணற்றுக்குச் சுவர் கட்ட வைத்ததும் இந்தக் கணக்கில்தான்.

24/
கிறிஸ்தவர் அல்லாத சொந்தங்களே, நீங்க இவ்வளவு தூரம் படித்ததற்கு நன்றி. மாரியம்மனிடம் முறையிடுபவரும், ஐந்து வேளை தொழுபவரும், எதையும் கும்பிடாதவரும் என் ஓபியில் ஒரே பெஞ்சில்தான் உட்கார்கிறார்கள். வலது பக்கத்துக்கு நீங்கள் வேறு பெயர் வைக்கலாம். இடது பக்கம் எல்லோருக்கும் ஒன்றுதான்.

25/
இவை இருந்தால் தள்ளிப்போடாதீங்க:

நெஞ்சில் அழுத்தம், கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை. "டென்ஷனாத்தான் இருக்கும்" என்று வீட்டில் முடிவு பண்ணாதீங்க. 108க்குக் கூப்பிடுங்க, ஈசிஜி எடுத்த பிறகு முடிவு செய்யலாம்.

வாழப் பிடிக்கவில்லை, செத்துப்போகலாம் என்ற எண்ணம். உடனே நம்பிக்கையான ஒருத்தரிடம் சொல்லுங்க. டெலி மானஸ் 14416, இலவசம், எந்த நேரமும் பேசலாம், தமிழில் பேசலாம். அந்த எண்ணை அழைப்பது விசுவாசக் குறைவு இல்லை.

26/
சுருக்கமாக:

கவலை வருவது பாவமும் அல்ல, தோல்வியும் அல்ல.
முடிவை ஆண்டவரிடம் விடுங்க. இன்றைய வேலையை உங்களிடம் வைத்துக்கோங்க.
மாத்திரை சாப்பிடுவது இடது பக்கம். குணமாவது வலது பக்கம்.
கவலைப்படுகிறவருக்கு வசனம் சொல்லும் முன் சாப்பிட்டாரா, தூங்கினாரா என்று கேளுங்க.

இன்றைக்கு ராத்திரி பிரஷர் மாத்திரை போட வேண்டியவங்க போட்டாச்சா? இல்லைன்னா இந்த போனைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைப் போடுங்க. பிறகு ஜெபம் பண்ணிட்டு நிம்மதியா தூங்குங்க.

பொதுநல மருத்துவர், செவ்வாய்ப்பேட்டை, சேலம்